எரியாத பூ மூட்டை

அத்தியாயம் 6

"ரெண்டு ஏரோப்பிளேனும் எரிஞ்சு போச்சு. ரெண்டு உசுரும் போச்சு. இந்தச் சாக்கு மூட்டைக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை பாருங்க மேடம். போன சென்மத்துல என்ன புண்ணியம் பண்ணுச்சோ!"

பால்பாண்டி சொன்னதைக் கேட்டு சுபத்ரா சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை என்றால் அவன் சொன்னதில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வருஷப் பழக்கத்தில் அவன் கற்றுக்கொண்ட ஒரே துப்பறியும் பாடம் அதுதான்.

திருச்சுழி காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், வேப்பமர நிழலில், இரண்டு விமானங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். விமானம் என்று யாராவது சொன்னால்தான் விமானம். பழைய இரும்புக்காரன்கூட அதற்கு விலை கேட்கக் கூச்சப்படுவான். அந்தக் கரிக் குவியலின் ஓரத்தில்தான் மூட்டை இருந்தது. மேல் சாக்கு அங்கங்கே பொசுங்கியிருந்தது, வாய்க்கட்டு அவிழவே இல்லை. சுபத்ரா பேனாக்கத்தியால் கிழித்துப் பார்த்தாள். உள்ளே ரோஜா இதழ்கள். பதினோரு நாளில் கறுத்து அழுகியிருந்தன, ஆனால் நெருப்பு ஒரு இதழைக்கூடத் தொடவில்லை.

"எந்த விமானத்துல இருந்துச்சு?" என்று காவலுக்கு நின்ற ஏட்டிடம் கேட்டாள்.

"மண்டிக்காரர் மகன் ஓட்டுனதுல. அவுக உடம்பு கெடந்த சீட்டுக்குப் பக்கத்துலயே." ஏட்டு தொப்பியைக் கழற்றினார். "உடம்புன்னா... ஒரு மஞ்சப்பைக்குள்ள அடங்கிருச்சும்மா."

அதற்குமேல் பால்பாண்டி புண்ணியத்தைப் பற்றிப் பேசவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1989, தை மாதம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு ஊரில் கோயில் கும்பாபிஷேகம். கோயிலில் உரிமை கொண்டாடியவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று அருப்புக்கோட்டை வியாபாரிகள். அவர்களுக்குத் தலைவர் வத்தல் மண்டி சண்முகவேல். இன்னொன்று சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள். ஒரு தரப்பு விமானத்தில் பூ தூவப் போகிறது என்றதும் மறு தரப்பும் ரோஷத்தோடு ஒரு விமானம் பேசிவிட்டது. இரண்டுமே மதுரைப் பக்கத்தில் இருந்த ஒரு பறக்கும் கழகத்தின் குட்டி விமானங்கள்.

கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் யாருடைய பூ விழுவது? வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கடைசியில் சந்நிதியில் இரண்டு பூப்பொட்டலம் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக்கட்டிப் பார்த்தார்கள். சாமி சம்சாரிகள் பக்கம் பேசிவிட்டது. ஆகவே மண்டிக்காரர் விமானம் ஒன்பது மணிக்கே பூ தூவிவிட்டு மேற்கே காரியாபட்டிப் பக்கம் போய்விட வேண்டும். அது போன பிறகு, தெற்கே காத்திருக்கும் சம்சாரிகள் விமானம் வர வேண்டும். கோயில் வாசலில் ரேடியோவோடு உட்கார்ந்து இரண்டையும் பிரித்து அனுப்பக் கழகத்து ஆள் ஒருவன், மாரிக்கண்ணன்.

ஒன்பது இருபத்தொன்றுக்கு, கலசத்துக்கு நேர் மேலே, இரண்டும் மோதின. மண்டிக்காரரின் ஒரே மகன், அதே கழகத்தில் விமானம் ஓட்டப் பழகிய மணிகண்டனும், சம்சாரிகள் விமானத்தை ஓட்டிய காளிராஜும் அத்தனை கூட்டத்தின் கண் முன்னே எரிந்துகொண்டே போய்க் காய்ந்த கண்மாயில் விழுந்தார்கள்.

முதல் விமானம் போகுமுன்பே மாரிக்கண்ணன் இரண்டாவதைக் கூப்பிட்டுவிட்டான் என்பது போலீஸ் கட்டிய முடிவு. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். "அவந்தான் கொன்னான்னு அசைக்க முடியாத மாதிரி ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடுங்க" என்று சுபத்ராவை மதுரையிலிருந்து வரவழைத்தவரே சண்முகவேல்தான். எட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விமான விபத்துக் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் தனியாகத் துப்பறியும் நிலையம் வைத்தவள் அவள். பால்பாண்டி பன்னிரண்டு வருஷம் நரிக்குடி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து, வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தவன்.

லாக்கப்பில் மாரிக்கண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நேற்றுத்தான் கைது என்று காகிதம் சொன்னது. முகத்து வீக்கம் நாலு நாள் பழசு.

"இந்தப் பக்கமா வந்து பேசுங்கம்மா. அந்தக் காது கேக்காது" என்றான்.

"பொறந்ததுல இருந்தா?" என்றான் பால்பாண்டி.

"போன செவ்வாக்கெழமையில இருந்து."

பால்பாண்டிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சுபத்ரா கம்பியருகே குனிந்தாள். "மணிகண்டன் ரேடியோவுல கடைசியா என்ன சொன்னாரு?"

"'பூவப் போட்டாச்சு, காரியாபட்டிப் பக்கம் கெளம்பிட்டேன்'னாக. மேற்க போறத என் கண்ணாலயும் பாத்தேன். கொஞ்ச நேரங் கழிச்சு எங்க இருக்கீகன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. தூரம் போயிட்டாகன்னு நெனச்சு, காளிராஜ் அண்ணன வரச் சொல்லிட்டேன்."

"பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா மாரிக்கண்ணன்? எங்கயோ இருக்கார், எங்கன்னு தெரியலைங்கறதுதான அர்த்தம்? சரி, அதுக்கப்புறம் வானத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா." அவன் குரல் உடைந்தது. "கருடனப் பாத்தேன். ஐயரு கொடத்தத் தூக்கிட்டாரு. கருடன் வருதான்னு சனமெல்லாம் மேல பாக்காக. நானும் ரேடியோவ வச்சிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏரோப்பிளேனப் பாக்க வேண்டியவன் கருடனத் தேடிட்டேன். அதுக்கு எத்தன அடின்னாலும் அடிக்கட்டும். கொன்னேன்னு மட்டும் எழுதிராதீக. காளிராஜ் அண்ணந்தான் எனக்கு இந்த வேலையவே வாங்கிக் குடுத்தாரு."

அவன் பொய் சொல்லவில்லை என்று பால்பாண்டிக்குத் தோன்றியது. டிக்கெட் வாங்காதவன் முகத்தைப் பன்னிரண்டு வருஷம் பார்த்த கண் அது.

ஜீப் பாளையம்பட்டியை நோக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் கருவேலம்தான்.

"ஏன் மேடம், அத்தாம்பெரிய வானம். எங்க ரூட்டுல ஒத்தை ரோட்டுல ரெண்டு பஸ்ஸு எதிரெதிர வரும், அதுல ஒரு டிரைவரு பாதித் தூக்கத்துல இருப்பாரு. அதுவே மோதலை. இவுக எப்படி மோதுனாக?"

"நேரா நம்ம மேல மோத வர்ற விமானம் கண்ணாடியில நகராது பாண்டியண்ணே. ஒரே இடத்துல ஒரு புள்ளியா நிக்கும். நகர்றதைத்தான் நம்ம கண்ணு சட்டுனு பிடிக்கும். நிக்கிற புள்ளி பெருசாத் தெரியும்போது ரெண்டு மூணு வினாடிதான் மிச்சம் இருக்கும். சூரியன் பக்கத்துல இருந்து வந்தா அதுவும் கெடையாது. அதனாலதான் கண்ணை நம்பாதேன்னு நேரத்தைப் பிரிச்சுக் குடுக்குறது, எங்க இருக்கேன்னு ரேடியோவுல சொல்லச் சொல்றது. சொன்ன இடத்துல ஆள் இருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"இருக்குற இடத்த மாத்திச் சொன்னா?"

"அதைத்தான் அந்த மூட்டைகிட்ட கேக்கப் போறோம்."

கும்பாபிஷேகத்துக்கு மண்டிக்காரருக்குப் பூ கொடுத்தவள் பாளையம்பட்டி வெள்ளைத்தாய். பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பூக்கடை. பால்பாண்டியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"என்ன கண்டக்டரே, போலீஸ்ல சேந்துட்டீகளா?"

"போலீஸ்ல சேர ஒசரம் பத்தலக்கா. அதான் துப்பறியப் போயிட்டேன். மண்டிக்காரருக்கு என்ன பூ குடுத்தீக?"

"ரெண்டு மூடை. ஒண்ணு செவ்வந்தி, ஒண்ணு ரோசா இதழு. சின்ன மொதலாளி மணிகண்டந்தான் விடியக்காலம் வந்து எடுத்துட்டுப் போனாக."

"ரோஜா மூட்டையை எப்படிக் கட்டினீங்க?" என்றாள் சுபத்ரா.

"அத மட்டும் ஈரச்சாக்குல கட்டி, அதுக்கு மேல இன்னொரு ஈரச்சாக்கும் சுத்திக் குடுத்தேன். முக்கி எடுத்த சாக்கு, தண்ணி சொட்டச் சொட்ட."

பால்பாண்டிக்குப் புரிந்தது. சாக்கு தப்பித்தது புண்ணியத்தால் அல்ல, தண்ணீரால்.

"செவ்வந்திக்கு ஈரச்சாக்கு வேண்டாமா?"

"எதுக்கு? அது போனவொடனே கொட்டிருவாகளாம். ரோசாவத்தான், 'அக்கா, அங்க போயும் அர மணி நேரம் வாடாம இருக்கணும், வெயில்ல சுத்தணும்'னு சின்ன மொதலாளி சொன்னாக." வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பூவு பொசுங்கலையாமே? எம் பூவு பொசுங்கல. அந்தப் புள்ளைய அள்ளித்தான் எடுத்தாகளாம். நான் எதுக்குய்யா அத்தன பதனமாக் கட்டுனேன்?"

ஜீப்பில் ஏறியதும் பால்பாண்டி சொன்னான்: "அப்ப மணிகண்டன் காரியாபட்டிக்குப் போகவே இல்ல. போற மாதிரிப் போயிட்டு, வடக்க சுத்தி, சூரியன் கூசுற கெழக்குப் பக்கமா யாரு கண்ணுலயும் படாம வந்து நின்னுருக்காரு. ரேடியோவையும் அமத்திட்டாரு. தண்ணி ஊத்தும்போது சம்சாரிகளுக்கு முந்தி ரோசாப்பூவக் கொட்டிட்டுப் போயிரலாம்னு திட்டம்."

"தெற்கே இருந்து வந்த காளிராஜுக்கு வலது பக்கம் முழுக்க சூரியன். அந்தப் பக்கம் இருந்து ஆள் வரும்னு அவர் ஏன் நெனைக்கணும்? வானம் காலியா இருக்குன்னு ரேடியோவுல சொல்லியாச்சே. இதுவரைக்கும் சரி. ஆனா ஒண்ணு இடிக்குது. குடத்தைச் சாய்க்கிற நிமிஷம் மணிகண்டனுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒரு மைல் தள்ளி வானத்துல இருக்காரு."

"வாட்ச்ச பாத்துருப்பாரு."

"அழைப்பிதழ்ல போட்டிருந்த நேரம் ஒன்பது பத்து. ஊத்துனது ஒன்பது இருபத்தொண்ணு."

"ஐயரு மந்திரமும் எங்க பஸ்ஸு மாதிரி மேடம். போர்டுல போட்ட நேரத்துக்கு என்னைக்கு வந்துருக்கு? அப்படின்னா..." பால்பாண்டி பாதியில் நிறுத்தினான். "கீழ இருந்து ஒரு ஆளு கை காட்டிருக்கணும்."

சுபத்ரா டிரைவரிடம், "அருப்புக்கோட்டை பஜார். போட்டோ ஸ்டூடியோவுக்கு" என்றாள்.

ஸ்டூடியோக்காரர் அன்றைக்குப் பக்கத்து மாடியில் நின்று எடுத்த படங்களைக் கட்டோடு கொட்டினார். குடம் சாயும் நொடியில் எடுத்த படத்தைச் சுபத்ரா தேடி எடுத்தாள். கோயில் மொட்டைத்தளத்தில் இரண்டு தரப்புப் பெரிய மனிதர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோர் மோவாயும் மேலே தூக்கியிருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் படத்தைப் பால்பாண்டியிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு என்ன தெரியுது?"

பால்பாண்டி மூக்கு படும்படி பார்த்தான். "சாமிக்கு முன்னால நிக்கோம்னு அத்தன பேரும் தோள்த்துண்ட எடுத்து இடுப்புல கட்டிருக்காக. ஒருத்தரு மட்டும் துண்டக் கையில புடிச்சு மேல தூக்கிருக்காரு. எல்லாரும் வானத்தப் பாக்காக, இவரு மட்டும் நேரா கெழக்க..." அவன் படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். "மேடம், இது நம்ம மொதலாளி."

"மேற்கே போயிட்டதா ஊரே நம்புன மகனைக் கிழக்கே தேடின ஒரே ஆள்" என்றாள் சுபத்ரா.

மண்டியை ஒட்டி வீடு. வத்தல் நெடி தெருமுனையிலேயே தும்ம வைத்தது. கூடத்தில் மாலை போட்ட மணிகண்டன் படத்துக்குக் கீழே சண்முகவேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. ரிப்போர்ட்டு ரெடியா?"

சுபத்ரா போட்டோவை அவர் முன் வைத்தாள். நனைந்த சாக்கு, பூக்காரி சொன்னது, சூரியன், துண்டு எல்லாவற்றையும் பத்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மனுஷன் இடிந்து விழுவார், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று பால்பாண்டி ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றான்.

சண்முகவேல் விழவில்லை. படத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தெரியாததையா சொல்லுறீக? துண்ட ஆட்டுனது நாந்தான? மூணு தலமொறையா எங்க பூவு மொதல்ல விழுந்த கோயிலு. பூக்கட்டிப் பாத்துப் பறிச்சுக்கிட்டாக. ரெண்டு நிமிசம் முந்தி வந்து கொட்டிட்டுப் போயிருடா, ரேடியோவ அமத்திரு, கேள்வி கேப்பாகன்னு நாந்தான் சொன்னேன். அவன் மாட்டேன்னான். கெழக்க இருந்து வந்தா ஆபத்துப்பான்னான். பொட்டப்பயலான்னு கேட்டேன். போயிட்டான்."

"அப்புறம் எங்கள எதுக்கு மொதலாளி கூப்பிட்டீக?" பால்பாண்டிக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது.

"உள்ள எம் பொஞ்சாதி கெடக்கா. பதினோரு நாளா ஒரே கேள்வி. எம் புள்ளையக் கொன்னது யாரு, யாருன்னு. போலீஸு சொன்னா நம்ப மாட்டேங்கா. மதுரையில இருந்து வெவரமானவுக வந்து எழுதிக் குடுத்தா நம்புவா. அவளுக்கு ஒரு பேரு வேணும். மாரிக்கண்ணன்னு எழுதிருங்க."

"அவருக்கு ஒரு காது போயிருச்சு" என்றாள் சுபத்ரா.

"காதுதான போச்சு? அவனுக்கு இன்னொண்ணு இருக்கு." சண்முகவேல் மாலை போட்ட படத்தைக் காட்டினார். "எனக்கு இன்னொண்ணு இருக்கா?"

இத்தனை கொடுமையை இவ்வளவு நிதானமாக ஒரு மனிதன் பேசி பால்பாண்டி கேட்டதில்லை. ஓங்கி ஒன்று விடலாம் என்று கை துடித்தது. அதே நேரத்தில் அந்த மனிதருக்காக அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யத் தெரியாமல் நின்றான்.

உள்ளறைக் கதவு திறந்தது. கோகிலாம்பாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்ன ஆகாரம் இல்லாத உடம்பு சேலைக்குள் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவள் கண்கள் புருஷனை மட்டும் பார்த்தன.

"நான் ஒங்க பக்கத்துலதான நின்னேன்? ஏன் கெழக்க பாக்கீகன்னு கேட்டேன்."

சண்முகவேல் எழுந்தார். "நீ உள்ள போ."

"கருடன் வருதுன்னு சொன்னீக. அந்தா சூரியனுக்குள்ள, நல்லாப் பாருன்னு சொன்னீக. கண்ணு கூசக் கூசப் பாத்தேன். ஒரு சின்னப் புள்ளி தெரிஞ்சிச்சு." அவள் அழவில்லை. "நான் அதக் கும்பிட்டேன். கருடாழ்வாரே, எம் புள்ளைய நூறு வயசுக்கு வச்சிரும்னு, எம் புள்ளையப் பாத்தே கும்பிட்டேன்."

சண்முகவேல் உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாளாகத் தாங்கிய மனுஷனுக்கு இப்போதுதான் முதுகு வளைந்தது.

கோகிலாம்பாள் கவிழ்த்து வைத்த படத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். "ஒங்க வண்டியில எடம் இருக்காம்மா?" என்று சுபத்ராவைக் கேட்டாள்.

திருச்சுழி போய்ச் சேரும்போது மணி நாலு நாற்பது. மாரிக்கண்ணனுக்கு விலங்கு மாட்டி வாசலுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். எந்தக் காதில் என்ன கேட்கிறது என்று தெரியாமல் அவன் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் கோகிலாம்பாளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. மண்டிக்காரர் வீட்டு உப்பைத் தின்றவர் அவர். பேனாவை மூடி கழற்றாமலே கையில் உருட்டினார்.

"அம்மா, புத்திர சோகத்துல பேசுறீக. வீட்டுக்குப் போங்க."

"எழுதுங்க. துண்ட ஆட்டிக் கூப்பிட்டது எங்க வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரரு, அவுக, இவுகன்னு எழுதுனா கோர்ட்டுல நிக்காதும்மா." இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பெண்கள் வாயில் புருஷன் பேர் வராது. ஓட்டு லிஸ்ட்டு எழுத வந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துக் கொடுப்பாள். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "சாட்சி வாயால பேரு வரணும். வேற யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. அதான் சட்டம்."

பால்பாண்டி வாயைத் திறந்தான். சுபத்ரா அவன் கையை அழுத்தினாள்.

கோகிலாம்பாள் கழுத்துத் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் நாக்கு ஒரு தடவைகூட அந்த எழுத்துகளைத் தொட்டதில்லை.

"சண்முகவேல்" என்றாள். இன்ஸ்பெக்டர் அசையாமல் இருப்பதைப் பார்த்து, அவரே பேனாவை எடுக்கும்வரை, இன்னும் சத்தமாக, வாசலில் நின்றவனுக்கும் கேட்கிற மாதிரி, திரும்பத் திரும்பச் சொன்னாள்.